ஒரு நினைவின் காட்சிகள்

கலைகளின் வரலாற்றை நோக்குவார்க்கு ஒரு வினா அடிக்கடி எதிர்ப்படும். ஒரு படைப்பு எவ்வளவு நீளமாயிருத்தல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? படைப்பவரா, விற்பவரா, கேட்பவரா? மேல்நாட்டு மக்களிசையைப் பொறுத்தவரையில் இவ்வினாவுக்கு முதலில் விடை கூறியது ஒரு பொறியே எனலாம். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டில், பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிட இசையையே கொண்டது. ஆகவே பாட்டும் மூன்று நிமிடத்துக்குள் அடங்கிற்று. 1948 ஆம் ஆண்டில் நெடுநேரம் ஓடும் தட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலாக இசையைப் பதிக்க வழி பிறந்தது. எனினும், வானொலி நிலையங்களும் இசைத்தட்டுக் கம்பனிகளும் அப்பழைய அளவை எளிதிற் கைவிட்டாரில்லை. பொறியின் கட்டாயம் நீங்கிய பின்னரும் வணிகத்தின் வழக்கமாக அது நிலைத்துவிட்டது.

இவ்வழக்கத்தை ஏற்க மறுத்து எழுந்த படைப்புக்கள் பல. அவற்றுள் இருபதாம் நூற்றாண்டின் இறுதி மாதங்களில் தோன்றிய ஒன்று தனியே எடுத்துப் பேசத் தக்கது. அமெரிக்காவின் 'ட்றீம் தியேட்டர்' என்னும் இசைக்குழுவினர் 1999 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26 ஆந் திகதி வெளியிட்ட 'மெற்றொப்பொலிஸ், இரண்டாம் பகுதி: ஒரு நினைவின் காட்சிகள்' என்பதே அது. எழுபத்தேழு நிமிடம் நீளும் இவ்விசைத் தொகுதி ஒரே கதையை ஒன்பது காட்சிகளிற் கூறுகின்றது. இடையில் நிறுத்தி வேறு வேலைக்குச் செல்பவர்க்கு இது பயன்படாது. இருந்து கேட்பவர்க்கோ அது ஒரு முழு நாடகத்தைக் கண்ட நிறைவைத் தரவல்லது. இத்தகைய படைப்பு எவ்வாறு பிறந்தது, பிறவாமலே போயிருக்கக்கூடிய நிலை எவ்வாறு நேர்ந்தது என்பன சுவை பயக்கும் வரலாறாகும்.

இதன் முன்னோரை அறிதற்கு 1960 களின் இறுதிக்குச் செல்லல் வேண்டும். அக்காலத்தில் இங்கிலாந்தின் இளைஞர் சிலர், நடனத்துக்கென வழங்கிவந்த றொக் இசையை, அமர்ந்து கேட்கும் இசையாக மாற்ற முற்பட்டனர். மேல்நாட்டுச் செந்நெறி இசையின் நீண்ட கட்டமைப்பையும் ஜாஸ் இசையின் தாள நுட்பங்களையும் அதனோடு சேர்த்தனர். 1969 ஒக்ரோபரில் வெளிவந்த கிங் கிறிம்சன் குழுவின் முதல் தட்டு இந்நெறிக்கு ஒரு தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. யெஸ், ஜெனசிஸ் முதலிய குழுவினர் அதனை வளர்த்தனர். இந்நெறிக்குப் புரோகிரெசிவ் றொக் என்று பெயர் வழங்கலாயிற்று. அதே 1969 இல் 'த ஹூ' என்னும் குழுவினர், கண்ணும் செவியும் நாவும் இயங்காத ஒரு சிறுவனின் கதையை 'ரொமி' என்னும் இரட்டைத் தட்டில் முழுமையாகப் பாடினர். பாட்டுக்களைக் கோத்துக் கதை சொல்லும் மரபு அதனால் வலுப்பெற்றது.

ஏறக்குறைய அதே வேளையில், பேர்மிங்ஹாம் என்னும் தொழில் நகரில் வேறோர் ஓசை பிறந்தது. அந்நகரத்து இளைஞரான ரொனி அயோமி, தகட்டுத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தொன்றில் வலக்கையின் இரு விரல்களின் நுனிகளை இழந்தவர். அவ்விரல்களுக்குத் தாமே உறைகள் செய்து மாட்டிக்கொண்டு, கிற்றாரின் தந்திகளைத் தளர்த்தி வாசித்தார். 1970 பெப்ரவரியில் அவருடைய பிளாக் சபத் குழு வெளியிட்ட முதல் தட்டின் கனத்த, இருண்ட ஓசையே ஹெவி மெற்றல் எனப்படும் இசை வகைக்கு அடித்தளமாயிற்று. ஒருபுறம் நுட்பமும் நீளமும், மற்றொருபுறம் கனமும் வேகமும். இவ்விரண்டும் இணைந்து புரோகிரெசிவ் மெற்றல் என்னும் தனி வகையாக உருப்பெற, 1980 கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குவீன்ஸ்றைக், பேற்ஸ் வோணிங் ஆகிய அமெரிக்கக் குழுவினர் இதில் முன்னோடிகள். குவீன்ஸ்றைக் குழுவினர் 1988 இல் வெளியிட்ட 'ஒப்பறேஷன் மைண்ட்கிறைம்', அரசியற் கொலைக்குக் கருவியாக்கப்பட்ட ஓர் இளைஞனின் கதையை ஒரே தொகுதியில் கூறிப் புகழ்பெற்றது.

இவ்விரு மரபுகளுக்கும் பாலமாய் நின்றவர்கள் கனடா நாட்டின் றஷ் குழுவினராவர். அவர்களது வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி ஈண்டுக் கருதத்தக்கது. 1975 இல் அவர்கள் வெளியிட்ட தட்டொன்று விற்பனையிற் படுதோல்வி அடைந்தது. நீண்ட பாட்டுக்களை விடுத்து, வானொலிக்கு ஏற்ற சிறிய பாட்டுக்களைத் தருமாறு கம்பனி நெருக்கிற்று. அவர்கள் அதற்கு இணங்காது, 1976 இல் '2112' என்னும் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் இருபது நிமிடப் பாட்டொன்றுக்கே கொடுத்தனர். வீழ்ந்தாலும் தாம் விரும்பியதைச் செய்து வீழ்வோம் என்பது அவர்கள் எண்ணம். அத்தட்டோ வெற்றி பெற்று அவர்களை நிலைநிறுத்திற்று. இருபது ஆண்டுகளின் பின் றஷ் குழுவின் மாணாக்கர் எனத்தக்க வேறு இளைஞர்க்கு இதே சோதனை நேர்ந்தமை வியப்புக்குரியது.

அவ்விளைஞர்களுள் ஜோன் பெற்றூச்சியும் ஜோன் மியுங்கும் நியூயோர்க் நகரை அடுத்த லோங் ஐலண்ட் தீவில் ஒன்றாக வளர்ந்த நண்பர்கள். முன்னவர் கிற்றாரும் பின்னவர் பேஸ் கிற்றாரும் பயின்றனர். பொஸ்ரன் நகரத்துப் பேர்க்ளி இசைக் கல்லூரியிற் சேர்ந்த இவர்கள், அங்கே மைக் போட்னோய் என்னும் முரசு வாசிப்பவரைக் கண்டனர். 1985 இல் மூவரும் 'மஜஸ்ரி' என்ற பெயரில் ஒரு குழுவை அமைத்தனர். றஷ் குழுவின் கச்சேரிக்கு அனுமதிச்சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது, அக்குழுவின் பாட்டொன்றின் முடிவைக் கேட்டு, 'எத்துணைக் கம்பீரம்' என்று வியந்ததிலிருந்து பிறந்த பெயர் அது. அதே பெயர் கொண்ட மற்றொரு குழு உரிமை கோரவே, போட்னோயின் தந்தையார் கலிபோர்ணியாவில் இருந்த ஒரு திரைப்பட அரங்கின் பெயரை எடுத்துக் கொடுத்தார். 'கனவு அரங்கு' எனப் பொருள்படும் ட்றீம் தியேட்டர் என்னும் பெயர் இவ்வாறு வந்தது.

1989 இல் வெளிவந்த முதற்றட்டு பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1991 இல் கனடா நாட்டவரான ஜேம்ஸ் லாபிறீ பாடகராகச் சேர்ந்தார். 1992 இல் வந்த 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' என்னும் தொகுதி நிலைமையை மாற்றிற்று. அதன் முதற் பாட்டு எட்டு நிமிடத்துக்கு மேற்பட்டது. அதனை வானொலிகள் ஒலிபரப்புமென எவரும் எதிர்பார்த்தாரில்லை. ஆயினும் அது அமெரிக்க வானொலிகளிலும் தொலைக்காட்சியிலும் இடம்பெற்று, குழுவினரைப் பிரபலப்படுத்திற்று. அத்தொகுதியிலேயே 'மெற்றொப்பொலிஸ், முதலாம் பகுதி' என்னும் ஒன்பதரை நிமிடப் பாட்டும் இருந்தது. இரண்டாம் பகுதி என ஒன்று எழுதும் எண்ணம் அப்போது எவருக்கும் இருந்ததில்லை. 'முதலாம் பகுதி' என்ற தொடரைப் பெற்றூச்சி வேடிக்கையாகவே சேர்த்திருந்தார். ஆனால் இரசிகர்கள் அவ்வேடிக்கையை மெய்யென ஏற்று, இரண்டாம் பகுதி எங்கே என்று ஓயாது வினவலாயினர்.

வெற்றியே இடையூறாவதும் உலகியல்பு. எதிர்பாராது கிடைத்த அவ்வெற்றியை மீண்டும் பெறக் கம்பனி விரும்பிற்று. அடுத்த தொகுதி 1994 இல் வந்தபோது, முன்னையது போன்ற வானொலிப் புகழ் அதற்குக் கிட்டவில்லை. அதே ஆண்டிற் கெவின் மூர் என்னும் இசைப்பலகைக் கலைஞர் விலகினார். நான்காவது தொகுதிக்கான முயற்சி நீண்ட காலம் இழுபட்டது. இரட்டைத் தட்டுக்குப் போதுமான இசையை அவர்கள் ஆக்கியிருந்தும், கம்பனி ஒரு தட்டுக்கே இசைந்தது. இரசிகர் கேட்டிருந்த 'மெற்றொப்பொலிஸ்' இரண்டாம் பகுதி, ஏறக்குறைய இருபது நிமிடப் படைப்பாக 1996 இலேயே ஓரளவு உருப்பெற்றிருந்தது. அதுவும் ஒதுக்கப்பட்டது. வணிகப் பாட்டுக்களில் வல்லவரான டெஸ்மண்ட் சைல்ட் என்பவரின் துணையுடன் ஒரு பாட்டுத் திருத்தியெழுதப்பட்டது. இவ்வாறு 1997 இல் வெளிவந்த தொகுதி வணிகரையும் முழுதாக மகிழ்விக்கவில்லை. இரசிகரையும் முழுதாக மகிழ்விக்கவில்லை. குழுவின் உள்ளத்திலோ பெருங் கசப்பை விட்டுச்சென்றது. தம் கலையில் வெளியார் தலையிடுவதாயின் குழுவைவிட்டு நீங்குவதே தக்கது என்ற முடிவின் விளிம்பில் போட்னோய் நின்றார்.

இந்நிலையில், பக்கத்தே தோன்றிய ஒரு சிறு முயற்சி உதவிற்று. மற்றொரு சிறு கம்பனியின் வேண்டுகோளின்படி போட்னோய், பெற்றூச்சி, பேஸ் கிற்றாரில் புகழ்பெற்ற ரொனி லெவின், இசைப்பலகைக் கலைஞர் ஜோடன் றூடஸ் ஆகிய நால்வர் கூடி, 'லிக்விட் ரென்ஷன் எக்ஸ்பெரிமென்ற்' என்ற பெயரில் சில நாட்களில் ஒரு தொகுதியை ஆக்கினர். 1998 இல் வெளிவந்த அத்தொகுதியில் பாட்டுக் கிடையாது; வாத்திய இசை மாத்திரமே. யாருடைய ஆணைக்கும் காத்திராது ஆக்குவதன் இன்பத்தை அவர்கள் அங்கே மீண்டும் உணர்ந்தனர். றூடஸ் ஒன்பது வயதிலேயே நியூயோர்க்கின் ஜூலியாட் இசைப்பள்ளியிற் சேர்ந்து பியானோ பயின்றவர். அவரது விரல்கள் பெற்றூச்சியின் விரல்களோடு இணையாக ஓடவல்லன. அவரையே தம் குழுவில் நிலையாகச் சேர்த்துக்கொள்ள இருவரும் தீர்மானித்தனர். அதுவரை இசைப்பலகை வாசித்த டெறெக் ஷெரினியன் விலக்கப்பட்டார். பிறர் தலையீடின்றி அடுத்த தொகுதியை ஆக்கும் உரிமையும் கம்பனியிடமிருந்து கிடைத்தது. பெற்றூச்சியும் போட்னோயும் தாமே அதன் தயாரிப்பாளராயினர்.

1999 இல் நியூயோர்க் மாநிலத்துச் சபேர்ண் என்னும் ஊரில், அந்நாளில் இயங்கிவந்த பெயர்றாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்திற் குழுவினர் கூடினர். ஏழாண்டுகளுக்கு முன் புகழ் தந்த தொகுதி பதிவான இடமும் அதுவே. ஒதுக்கப்பட்டுக் கிடந்த அவ்விருபது நிமிடப் படைப்பை எடுத்து, அதை விதையாகக் கொண்டு, ஒரு முழுத் தொகுதியை வளர்க்கத் துணிந்தனர். இதற்கு இன்னொரு பொறியும் துணைநின்றது. பழைய தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்தை ஒட்டியே இசையைக் கொண்டதாக, புதிய இறுவட்டு எண்பது நிமிடம் வரை இடையறாது ஒலிக்கவல்லதாயிருந்தது. பக்கத்தைத் திருப்புவதற்கென இசையை நிறுத்த வேண்டிய தேவை இல்லை. அவ்விடம் ஏறக்குறைய முழுவதையும் இக்கதை நிரப்பிற்று.

கதை இதுவாகும். நிக்கலஸ் என்னும் இளைஞன் ஒருவனை இனந்தெரியாத கனவுகள் வருத்துகின்றன. மயக்க உறக்கத்தின் வழியாக மனநோய் தீர்க்கும் மருத்துவர் ஒருவரை அவன் நாடுகின்றான். அவர் அவனை நினைவின் ஆழத்துக்கு அழைத்துச் செல்ல, விக்ரோறியா பேஜ் என்னும் பெண்ணொருத்தி அவன் முன் தோன்றுகின்றாள். 1928 ஆம் ஆண்டிற் கொலையுண்டவள் அவள். முற்பிறப்பிலே தானே அப்பெண்ணாயிருந்தமையை அவன் உணர்கின்றான். அவளைக் காதலித்தவன் யூலியன். அவன் குடியிலும் சூதிலும் அழிந்துகொண்டிருந்தான். அவனை விட்டு நீங்கிய விக்ரோறியாவுக்கு ஆறுதல் கூற வந்தவன், யூலியனின் உடன்பிறந்தானும் சட்டமன்ற உறுப்பினனுமாகிய எட்வேட். ஆறுதல் காதலாக மாறுகின்றது. பின்னர் விக்ரோறியா யூலியனிடமே மீள விரும்புகின்றாள். அதன் விளைவு இரு கொலைகள்.

முற்பிறப்பு நினைவு என்னும் கருத்து நம்மவர்க்குப் புதியதன்று. இக்கதையிற் சிந்திக்கத்தக்கது வேறொன்று. நான்காம் காட்சியில் அக்கொலையைப் பற்றிய பழைய பத்திரிகைச் செய்தியொன்றை நிக்கலஸ் காண்கின்றான். காதலன் அவளைச் சுட்டுத் தானும் மாண்டான் என்கிறது அச்செய்தி. சம்பவத்தைக் கண்ட ஒருவரின் சாட்சியம் அதற்கு ஆதாரம். கேட்பவரும் அதனை ஏற்றுக்கொள்கின்றனர். ஏழாங் காட்சியில் ஐயம் எழுகின்றது. ஒன்பதாம் காட்சியிலேதான் உண்மை தெரியவருகின்றது. சாட்சியாக நின்ற எட்வேடே கொலைகாரன். அவன் இருவரையும் கொன்றுவிட்டு, தன் உடன்பிறந்தான்மீது பழியைச் சுமத்திச் சாட்சியும் கூறிவிட்டான். மாண்டோர் பேசுவதில்லை. பத்திரிகையில் எஞ்சியது கொன்றவனின் கூற்று மாத்திரமே.

வரலாறு பயில்வோர் இவ்விடத்தில் சற்றே நிற்றல் வேண்டும். எழுதப்பட்டது என்ற காரணத்தால் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. அதனை எழுதுவித்தவர் யார், எழுதியதனால் நன்மை அடைந்தவர் யார், வாய் திறக்க முடியாது போனவர் யார் என்ற வினாக்கள் வரலாற்றாசிரியனின் முதற் கருவிகள். நுணுக்கமான இவ்வுண்மையை ஓர் இசைத் தொகுதி தன் அமைப்பினாலேயே உணர்த்துகின்றது. அறிவுரையாக அது எங்கும் கூறப்படவில்லை. முதலிற் பொய்யை மெய்யென நம்பவைத்து, நெடுநேரத்தின் பின் அதனை உடைத்துக் காட்டுவதாலே, கேட்பவன் தானும் ஏமாந்தவனாய் நின்று அதனைக் கற்கின்றான். மூன்று நிமிடப் பாட்டினால் ஆகக்கூடிய காரியம் அன்று இது. நம்பிக்கை வேரூன்றுவதற்கும் காலம் வேண்டும்; அது பெயர்வதற்கும் காலம் வேண்டும். நீளம் இங்கே கதையின் தேவையாய் அமைந்திருக்கின்றது.

இசையும் இதே நெறியில் நெய்யப்பட்டிருக்கின்றது. முதற் காட்சியில் மயக்க உறக்க மருத்துவரின் பேச்சுக்குப் பின், தனிக் கிற்றாரோடு மெல்லிய பாட்டொன்று எழுகின்றது. அதே மெட்டு எட்டாங் காட்சியில் மீண்டும் வருகின்றது. முதலில் அச்சத்தோடு நினைவினுட் புகுந்தவன், இப்பொழுது மரணம் முடிவன்று என்னும் தெளிவோடு அதனைப் பாடுகின்றான். தெரேசா தொமசன் என்னும் பாடகியின் தலைமையில் ஒரு பாடகர் குழு தேவாலய இசையின் பாங்கிற் பின்னின்று பாட, பெற்றூச்சியின் கிற்றார் நிதானமாய் உயர்ந்து செல்கின்றது. மெட்டு ஒன்றே, கேட்பவரின் அறிவு வேறாகிவிட்டமையால் அதன் பொருளும் வேறாகின்றது. இவ்வாறே, 1992 ஆம் ஆண்டுப் பாட்டின் இசைத் துணுக்குகள் தொடக்க வாத்திய இசையிலும் ஆறாம், ஏழாங் காட்சிகளிலும் தலைகாட்டுகின்றன. பழைய பாட்டை அறிந்தவர்க்கு அவை தாமே ஒரு முற்பிறப்பு நினைவு போன்று தோன்றும். கதையின் பொருளும் இசையின் அமைப்பும் ஒன்றாகிவிடும் அரிய இடம் இது.

ஐந்தாங் காட்சியில் விக்ரோறியாவின் கல்லறை முன் நிக்கலஸ் நிற்கின்றான். அங்கே சொற்களின்றி ஒலிக்கும் தொமசனின் குரல், மாண்டவளின் ஏக்கமாகவே கேட்கின்றது. ஆறாங் காட்சி கீழைத்தேயச் சாயலுடன், சித்தார் போன்ற தந்தியொலியோடு தொடங்குகின்றது. யூலியனின் சூதாட்ட வெறியைக் கூறும் அப்பகுதியிற் சூதாட்ட நிலையத்தின் பொறிகள் எழுப்பும் ஓசையும் கலந்து வருகின்றது. இவையாவும் சேர்ந்து, அரங்கின்றியே ஒரு நாடகத்தைக் கண்முன் நிறுத்துகின்றன. நல்ல வானொலி நாடகத்தைக் கேட்டுப் பழகியவர்கள் இவ்வித்தையின் அருமையை உடனே உணர்வர்.

வாத்தியத் திறமையின் உச்சம் ஏழாங் காட்சியின் முற்பகுதி. 'ஊழிக் கூத்து' என்று மொழிபெயர்க்கத்தக்க பெயருடைய இது, பாட்டின்றி ஆறு நிமிடம் ஓடுகின்றது. அதன் பெயர் 'மெற்றொப்பொலிஸ்' முதலாம் பகுதியின் இறுதியடியிலிருந்து எடுக்கப்பட்டது. நமது இசை மரபிற் கண்டம், மிச்ரம் என வழங்கும் ஐந்தும் ஏழுமான எண்ணிக்கைகள் இங்கே ஒன்றையொன்று துரத்துகின்றன. தாள அளவு நூறு தடவைக்கு மேல் மாறுவதாகக் கணக்கிட்டுள்ளனர். ஒரு தாளத்தைப் பற்றிக்கொண்டோம் என்று எண்ணும்போதே அது கைநழுவிப் போகின்றது. இவ்வோட்டத்தின் நடுவே, கதை நிகழ்ந்த காலத்துக்கும் சற்று முற்பட்ட 'றாக்ரைம்' என்னும் பழைய பியானோ நடையிற் றூடஸ் சில கணங்கள் வாசிப்பது புன்முறுவலை வருவிக்கும். மியுங்கின் பேஸ் கிற்றாருக்கும் தனியிடம் உண்டு. கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தைச் சுவைப்பவர்க்கு இப்பகுதி பெருவிருந்தாகும்.

குறைகள் இல்லாமலில்லை. இசையின் உயரத்துக்குச் சொற்கள் எங்கும் எழுந்தன என்று கூறவியலாது. சில அடிகள் உரைநடையாகவே நின்றுவிடுகின்றன. நிக்கலஸ், விக்ரோறியா, யூலியன், எட்வேட் ஆகிய அனைவருக்கும் லாபிறீ ஒருவரே குரல் கொடுப்பதால், எவர் பேசுகின்றார் என்ற மயக்கம் முதன்முறை கேட்பவர்க்கு நேர்வது இயல்பு. நான்காம், ஆறாம் காட்சிகளின் வாத்தியப் பகுதிகள் கதை வேண்டுவதிலும் அதிகமாக நீள்கின்றன என்பாரும் உளர். அவர் கூற்றையும் தள்ளிவிடற்கில்லை. கதையின் உருவம் 1991 இல் வந்த 'டெட் எகெய்ன்' என்னும் திரைப்படத்தை நினைவூட்டுவதும் உண்மையே. எனினும், அக்கருவை இசைக்குரிய வடிவமாக மாற்றியமைத்த திறன் குழுவினருடையது. உரிமை கிடைத்தவிடத்து அளவு மீறுதலும் உடன்வருவதுண்டு. அளவு மீறும் உரிமை இல்லாதவிடத்து இத்தகைய படைப்பே வாராது.

முடிவு பற்றி ஒரு சொல். உண்மையை அறிந்து அமைதியுற்ற நிக்கலஸ் வீடு திரும்புகின்றான். மருத்துவர் அவனைப் பின்தொடர்ந்து வருகின்றார். 1928 இல் எட்வேட் விக்ரோறியாவுக்குக் கூறிய அதே கட்டளை மருத்துவரின் வாயிலிருந்து பிறக்கின்றது. இசைப்பெட்டியின் இரைச்சலோடு யாவும் அறுந்து போகின்றது. எட்வேடின் மறுபிறப்பே அம்மருத்துவர் என்பதும், பழைய கொலை மீண்டும் நிகழ்ந்துவிட்டது என்பதும் ஓசைக் குறிப்பினால் மாத்திரமே உணர்த்தப்படுகின்றன. இரண்டாண்டுகளின் பின், 2002 இல் வந்த அடுத்த தொகுதி அதே இரைச்சலோடு தொடங்கிற்று.

2000 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30 ஆந் திகதி, நியூயோர்க் நகரின் றோஸ்லண்ட் மண்டபத்தில் இத்தொகுதி முழுவதும் மேடையேறிற்று. 2014 இல் மூடப்பட்ட அம்மண்டபத்தில் அன்று பாடகர் குழுவும் இருந்தது. மருத்துவராக நடித்த நடிகரும் தோன்றினார். இக்கதையோடு பிற பாட்டுக்களும் சேர, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நீண்ட நிகழ்ச்சி அது. அதன் முடிவிற் போட்னோய் களைப்பினால் வீழ்ந்துவிட்டார். அக்கச்சேரியின் ஒலிப்பதிவுக்கு நேர்ந்த கதி வரலாற்றின் கொடிய தற்செயல்களுள் ஒன்று. நியூயோர்க்கைக் குறிக்கும் ஆப்பிள் ஒன்றையும், அதன் மேலாக இரட்டைக் கோபுரங்கள் உட்பட அந்நகரக் கட்டடங்கள் தீப்பற்றி எரிவதையும் அதன் அட்டைப்படம் காட்டிற்று. அது கடைகளுக்கு வந்த நாள் 2001 செப்ரெம்பர் 11. அன்று காலையில் அக்கோபுரங்கள் மெய்யாகவே எரிந்து வீழ்ந்தன. தட்டு உடனே மீட்டெடுக்கப்பட்டு, வேறு அட்டையுடன் பின்னர் வெளியிடப்பட்டது.

அதன் பின் குழுவிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 2010 இற் போட்னோய் விலகினார். மைக் மன்ஜீனி அவரிடத்துக்கு வந்தார். தொகுதியின் இருபதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு 2019 இலும் 2020 இலும் குழுவினர் உலகின் பல நகரங்களில் அதனை முழுமையாக வாசித்தனர். 2020 பெப்ரவரியில் இலண்டனில் நிகழ்ந்த கச்சேரி ஒலிப்பதிவாகவும் வெளிவந்தது. 2023 இற் போட்னோய் மீண்டும் குழுவிற் சேர்ந்தார்.

இருபதாண்டு கழிந்த பின்னும் எழுபத்தேழு நிமிடப் படைப்பொன்றை முதலிலிருந்து முடிவு வரை கேட்க மக்கள் மண்டபங்களில் வந்து கூடினர் என்பது சிறிய செய்தியன்று. மக்கள் நீண்டதைக் கேளார், கடினமானதை விரும்பார் என்ற கணக்கின்மேலேயே 1997 இல் அக்குழுவினர்க்குக் கட்டளைகள் பிறந்தன. கேட்டவர்களோ, இரண்டாம் பகுதி எங்கே என்று ஏழாண்டு விடாது வினவிக்கொண்டிருந்தவர்கள். வணிகர் அவர்களைக் கணக்கிட்டனரேயன்றி, அவர்கள் கேட்டதைச் செவிமடுத்தாரில்லை. படைத்தவரும் கேட்டவரும் இடையிலுள்ளாரைக் கடந்து ஒருவரையொருவர் கண்டுகொண்ட வரலாறே 'ஒரு நினைவின் காட்சிகள்' என்னும் இத்தொகுதியின் வரலாறு எனலாம்.